காசாப் போர் மான்செஸ்டர் கவுன்சிலரின் பதவியைப் பறிக்குமா?

கேள்வி: பிரிட்டனில் உள்ளாட்சித் தேர்தல் என்றால் குப்பை, சாலை, நூலகம். அதில் காசா, இராக் மாதிரி எங்கோ நடக்கும் போர் எப்படி வெற்றி தோல்வியைத் தீர்மானிக்க முடியும்? ஊடகங்கள் ஊதிப் பெரிதாக்குகின்றனவா?

கொஞ்சம் ஊதுகிறார்கள்தான். ஆனால் விஷயம் பொய்யில்லை. நான் தெற்கு மான்செஸ்டரில் குடியிருக்கிறேன். 2024 மே மாதத் தேர்தலை எங்கள் தெருவிலேயே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருக்கிறார். பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரில் இருக்கும் மீர்ப்பூர்க்காரர், டாக்ஸி ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவே அவரைச் சாச்சா என்றுதான் கூப்பிடும். தேர்தல் வந்துவிட்டால் லேபர் கட்சியின், அதாவது தொழிற்கட்சியின், சிவப்பு ரோஜா போட்ட நோட்டீஸ் கட்டோடு கிளம்பிவிடுவார். கையில் ஒரு மரக்கரண்டி வேறு இருக்கும். இங்கே வீட்டுக் கதவில் தபால் போடும் துளைக்கு ஸ்பிரிங் வைத்த மூடி உண்டு; உள்ளே தூரிகை மாதிரி முடி. விரலை விட்டால் கடிக்கும். சில வீடுகளில் அந்தப் பக்கம் நாயும் காத்திருக்கும். அதனால் நோட்டீஸைக் கரண்டியில் சுற்றி உள்ளே தள்ளுவது பழைய கட்சிக்காரர்களின் தொழில் ரகசியம். எனக்கு இதைக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான்.

2024 ஏப்ரலில் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று போய்க் கேட்டேன். "உடம்புக்கு ஒன்றுமில்லை பேட்டா. கரண்டி இந்த வருஷம் சட்டிக்குத்தான்" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லாமல்.

உங்கள் கேள்விக்கு என் பதிலில் பாதி அந்தக் கரண்டியிலேயே இருக்கிறது. போரைப் பார்த்துக் கோபப்பட்டு வாக்கை மாற்றிப் போட்டவர்களை எல்லோரும் எண்ணுகிறார்கள். நோட்டீஸ் போடாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டவர்களை யாரும் எண்ணுவதில்லை. அந்தத் தெருக்களில் லேபர் கட்சி என்பதே இந்த மாதிரி இருபது முப்பது சாச்சாக்கள்தான். அவர்கள் கதவைத் தட்டாவிட்டால் பாதிப் பேருக்குத் தேர்தல் நடப்பதே தெரியாது.

கோபம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேல் மீதான ஹமாஸின் 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குச் சில நாள் கழித்து, லேபர் தலைவரும் அப்போது எதிர்க்கட்சித் தலைவருமாக இருந்த கியர் ஸ்டார்மர் ஒரு வானொலிப் பேட்டி கொடுத்தார். காசாவுக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்துவதைப் பற்றிக் கேட்டபோது, இஸ்ரேலுக்கு அந்த உரிமை உண்டு என்ற பொருள்படப் பதில் சொல்லிவிட்டார். தற்காப்பு உரிமையைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் கொடுத்தார். ஆனால் பேட்டித் துண்டு வாட்ஸாப்பில் போன வேகத்தில் விளக்கம் போகவில்லை. நவம்பர் 15 அன்று போர்நிறுத்தம் கோரும் திருத்தம் நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. லேபர் எம்.பி.க்கள் 56 பேர் தலைமையின் பேச்சை மீறி அதை ஆதரித்தார்கள். அதே மாதம் பர்ன்லியில் கவுன்சில் தலைவர் உட்பட 11 கவுன்சிலர்கள் கட்சியை விட்டு விலகினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு நகர மன்றத்தில் அதற்கு முன்பே விலகல்களால் லேபர் பெரும்பான்மை போயிருந்தது. அதாவது தேர்தலுக்கு ஆறேழு மாதம் முன்பே, ஒரு வாக்குகூடப் பதிவாகாமல், போர் கவுன்சிலுக்குள் வந்துவிட்டது.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு வார்டில் பன்னிரண்டாயிரம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சித் தேர்தலில் நூற்றுக்கு முப்பது, முப்பத்தைந்து பேர் வந்தாலே பெரிய விஷயம். ஆக நாலாயிரம் வாக்குகள். அதிக வாக்கு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறை; ஐம்பது சதவீதமெல்லாம் தேவையில்லை. ஐந்து பேர் போட்டியிட்டால் ஆயிரத்து ஐந்நூறு வாக்கில் கவுன்சிலர் ஆகிவிடலாம். ஒரு பள்ளிவாசலின் வெள்ளிக்கிழமைக் கூட்டமும் அவர்கள் வீட்டாரும் சேர்ந்தால் எத்தனை பேர்? நீங்களே போட்டுப் பாருங்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு 500 பவுண்டு டெபாசிட் கட்ட வேண்டும். கவுன்சிலர் தேர்தலுக்கு டெபாசிட்டே கிடையாது. கோபம் வந்த ஒருவர் மாலையில் முடிவெடுத்து மறுநாள் வேட்பாளராகிவிடக்கூடிய தேர்தல் இது.

இன்னொன்று, ஆட்சி கவிழ்ந்துவிடும் என்ற பயம் வாக்காளருக்கு இல்லை. பொதுத் தேர்தலில் "லேபருக்குப் போடாவிட்டால் மறுபடி கன்சர்வேடிவ் வந்துவிடுமே" என்று கை தயங்கும். கவுன்சிலர் தேர்தலில் அந்தத் தயக்கம் இருக்காது. காசு செலவில்லாமல் கட்சிக்கு ஒரு குட்டு வைக்கலாம்.

2024 மே 2 அன்று அந்தக் குட்டு எங்கள் ஊரில் லாங்சைட் வார்டில் விழுந்தது. மான்செஸ்டர் கவுன்சிலின் துணைத் தலைவராக இருந்த லுத்ஃபுர் ரஹ்மான், போர் எதிர்ப்பு அரசியல்வாதி ஜார்ஜ் காலவேயின் வொர்க்கர்ஸ் பார்ட்டி வேட்பாளரிடம் தோற்றார். வித்தியாசம் சில நூறு வாக்குக்குள்தான். (அப்போது கிழக்கு லண்டனில் டவர் ஹாம்லெட்ஸ் மேயராக இருந்த லுத்ஃபுர் ரஹ்மான் வேறு ஆள், பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) பக்கத்தில் ஓல்டமில் லேபர் பெரும்பான்மையை இழந்தது. முஸ்லிம்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வசிக்கும் 58 வார்டுகளை பிபிசி எடுத்துப் பார்த்தபோது, 2021ஐ விட லேபரின் வாக்கு விகிதம் 21 புள்ளி குறைந்திருந்தது.

வெஸ்ட் மிட்லண்ட்ஸ் மேயர் தேர்தல்தான் இதில் வேடிக்கையான கதை. காசாவை முன்வைத்து நின்ற சுயேச்சை அக்மத் யாகூப் 69,621 வாக்கு வாங்கினார். லேபர் வேட்பாளர் ரிச்சர்ட் பார்க்கர் கன்சர்வேடிவின் ஆண்டி ஸ்ட்ரீட்டை வென்றது வெறும் 1,508 வாக்கில். ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் வசிக்கும் வட்டாரத்தின் மேயர் பதவி நூலிழையில் தொங்கியது. தொங்கவிட்டதில் பெரும் பங்கு அந்த எழுபதாயிரம் பேருக்கு உண்டு என்பது என் கருத்து.

ஆனால் ஊடகம் ஊதுகிறது என்று நான் சொன்னது இதற்காகத்தான்: அதே நாளில் இங்கிலாந்து முழுக்க லேபர் 186 கவுன்சில் இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது, கன்சர்வேடிவ் 474 இழந்தது. போரின் தாக்கம் நாடு முழுக்க அடித்த மழை இல்லை. குறிப்பிட்ட தெருக்களில் மட்டும் கொட்டியது. பஞ்சாலைக் காலத்தில் மீர்ப்பூரிலிருந்து, மங்களா அணைக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் சேர்ந்து குடியேறிய வடக்கு இங்கிலாந்து ஊர்கள், பர்மிங்ஹாம், வங்கதேசத்துச் சில்ஹெட்காரர்கள் குடியேறிய கிழக்கு லண்டன். சேர்ந்து வாழ்வதுதான் அவர்களின் பலம்.

இதை நம் ஆட்களின் கதையோடு ஒப்பிட்டால் தெளிவாகப் புரியும். 2009 வன்னிப் போரின் கடைசி மாதங்களில் லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் ஈழத்தமிழர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். அந்த ஜூன் மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் லண்டனில் ஜான் ஜனநாயகம் என்ற தமிழ்ப் பெண் சுயேச்சையாக நின்று 50,014 வாக்கு வாங்கினார். ஐம்பதாயிரம்! இடம் கிடைக்கவில்லை. லண்டன் முழுக்க ஒரே தொகுதி, எட்டு இடம், வாக்குகள் ஹாரோ, மிட்சம், ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்டு என்று சிதறிக் கிடந்தன. லாங்சைட்டில் அதில் இருபதில் ஒரு பங்கு வாக்கில் ஒரு கவுன்சிலர் வந்துவிட்டார். இரண்டு இடத்திலும் துக்கம் ஒன்றுதான்; வித்தியாசம் தொகுதியின் அளவு.

இது காசாவில் தொடங்கியதும் இல்லை. 2004 ஜூன் உள்ளாட்சித் தேர்தலில் இராக் போருக்காக டோனி பிளேயரின் லேபர் வாங்கிய அடியில் தேசிய வாக்கு விகிதத்தில் மூன்றாம் இடத்துக்குப் போனது. பர்மிங்ஹாமில் இரண்டு வார்டுகளில் லேபர் தரப்பின் தபால் வாக்கு மோசடி அம்பலமானது. வழக்கை விசாரித்த ரிச்சர்ட் மாரி, 2005 தீர்ப்பில் இது 'பனானா ரிபப்ளிக்', அதாவது ஊழலில் ஊறிய நாட்டுக்கே அவமானம் என்ற ரீதியில் எழுதினார்; இரண்டு முடிவுகளும் ரத்து. அந்தத் தீர்ப்பில் என்னை உறுத்திய இடம் வேறு: இராக் போரால் குறைந்த ஆதரவை ஈடுகட்டத்தான் அந்தப் போலி வாக்குகள் என்று அவர் சொல்லியிருந்தார். பாக்தாத்தில் விழுந்த குண்டுக்குப் பர்மிங்ஹாமில் கள்ள ஓட்டு. அதே 2005இல் இன்னொரு சங்கதி. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் அண்ட் போ நாடாளுமன்றத் தொகுதியில் காலவே, லேபரின் ஊனா கிங்கை 823 வாக்கில் வீழ்த்தினார். 2006இல் அவருடைய ரெஸ்பெக்ட் கட்சிக்கு டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலில் 12 இடங்கள்.

காலவே பெயர் வந்துவிட்டதால் ஒரு விஷயம். 2024 பிப்ரவரி ராச்டேல் இடைத்தேர்தலில் அவர் இரண்டு விதமான கடிதம் அனுப்பினார். முஸ்லிம் வாக்காளர்களுக்குப் போனதில் காசா. மற்றவர்களுக்குப் போனதில் நாட்டுப்பற்றும் உள்ளூர்ப் பிரச்சினைகளும். அவருடைய வாக்குறுதிகளில் ஊருக்குப் பிரைமார்க் துணிக்கடை கொண்டுவருவதும் ஒன்று. லேபர் தன் வேட்பாளரைப் பாதி வழியில் கைவிட்டிருந்தது. காலவே 5,697 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஜூலையில் பொதுத் தேர்தல் வந்தபோது அதே ஊரில் தோற்றும் போனார். எனவே போர் மட்டுமே போதும் என்று நினைக்காதீர்கள். போர் கதவைத் திறக்கிறது. நுழைகிறவருக்கு வேறு சரக்கும் வேண்டும். எங்கள் பகுதியில்கூடக் கோபத்தின் அடியில் பழைய புழுக்கம் இருந்தது. சந்துக்குள் மெத்தையும் சோபாவும் கொட்டிக் கிடக்கும், கவுன்சிலுக்குப் புகார் கொடுத்தால் எண் வரும், லாரி வராது. "எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள்" என்று ஒரு கட்சி பல வருடம் இருந்துவிட்டால் இப்படித்தான். காசா அந்தப் புழுக்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தது.

ஜூலையில் இதே அலை பொதுத் தேர்தலுக்கும் போனது. பிளாக்பர்னில் லேபருக்கு 2019இல் 18,304 வித்தியாசம் இருந்தது. சுயேச்சை அத்னான் ஹுசைன் 132 வாக்கில் பறித்தார். லெஸ்டர் சவுத்தில் லேபரின் ஜோனதன் ஆஷ்வொர்த் 979 வாக்கில் தோற்றார். இல்ஃபோர்டு நார்த்தில் லேபரின் வெஸ் ஸ்ட்ரீட்டிங் 528இல் தப்பித்தார். இப்படிப்பட்ட ஊர்களில் 2023 இறுதியிலேயே கவுன்சிலர்கள் விலகத் தொடங்கியிருந்ததைக் கவனித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

"சரி, கவுன்சிலரால் போரை நிறுத்த முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. போர்நிறுத்தம் கோரித் தீர்மானம் போடலாம். கவுன்சில் ஊழியர்களின் ஓய்வூதிய நிதி எந்தெந்த நிறுவனத்தில் முதலீடாகியிருக்கிறது என்று கேள்வி கேட்கலாம். சில ஊர்களில் அது நிஜமாகவே பெரிய சண்டையானது. அவ்வளவுதான். என் அலுவலகத்து நண்பர் ஒருவர் "குப்பை அள்ள ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் வெளியுறவு அமைச்சரைத் தேடுகிறார்கள்" என்று சலித்துக்கொள்வார். ஊரில் சொந்தக்காரர் வீடு இடிந்த செய்தி வரும்போது குப்பை வண்டியைப் பற்றி யோசிக்க யாரால் முடியும் என்று நான் நினைத்துக்கொள்வேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வார்டில் சந்து இன்னும் சுத்தமாகவில்லை.

கடைசியாக, இங்கே புதிதாக வந்த நம்மவர்களுக்கு: காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் முறையான விசாவோடு இருப்பவர்களுக்கும் எல்லாத் தேர்தலிலும் வாக்கு உண்டு. பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2023 முதல் இங்கிலாந்தில் வாக்குச்சாவடிக்குப் புகைப்பட அடையாள அட்டை கட்டாயம். நம் பாஸ்போர்ட்டே செல்லும். 2024 மே 2 மாலை நான் பாஸ்போர்ட்டோடு வரிசையில் நின்றபோது முன்னால் சாச்சா நின்றுகொண்டிருந்தார், முதியோர் பஸ் பாஸைக் கையில் பிடித்தபடி. வாசலில் இரண்டு கட்சிக்காரர்கள் ரோஜாவும் வேறு நிறமும் குத்திக்கொண்டு நின்றார்கள். இருவரும் அவருக்கு சலாம் சொன்னார்கள். இருவருக்கும் பதில் சலாம் சொல்லிவிட்டு உள்ளே போனார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.