மாணிக்கவாசகருக்குப் பெருவெடிப்பு தெரியுமா?

பள்ளியில் இயற்பியல் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சைவ சித்தாந்த வகுப்பு நடத்துகிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் கேள்வி வருவது அதனால்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மாணிக்கவாசகரின் திருவாசகத்தில், திருவண்டப்பகுதியில் அண்டங்கள் "நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன" என்று வருகிறது. இது அண்டத்தின் தொடக்கமாக விஞ்ஞானம் சொல்லும் பெருவெடிப்புதானே ஐயா?

பதில்: 'விரிந்தன' என்றதும் நமக்கு, அண்டம் விரிவதற்குச் சான்று காட்டிய வானியலாளர் ஹபிள் ஞாபகம் வந்துவிடுகிறது. அடுத்த வரியையும் படியுங்கள்: "இன்னுழை கதிரின் துன்அணுப் புரைய". இல் நுழை கதிர் என்றால் வீட்டுக்குள் நுழைகிற வெயில். எங்கள் பாட்டி வீட்டு அடுக்களையில் ஓட்டு இடுக்கு வழியாகக் கம்பி போல ஒரு வெயில் விழும். அரிசி மாவுத் தூசி அதில் மிதக்கும். கையை வீசினால் சுழலும். அத்தனை கோடி அண்டங்களும் இறைவன் முன்னால் அந்தத் தூசி என்கிறார். பேச்சு அவன் பெருமையைப் பற்றியது. இப்படி ஓர் உவமையை விட்டுவிட்டு அதற்குள் பெருவெடிப்பின் 1380 கோடி வருஷத்தைத் திணிப்பானேன்?

கேள்வி: அப்படியானால் அவருடைய சிவபுராணத்தில் வரும் "புல்லாகிப் பூடாய்"? டார்வினுக்கு முன்பே பரிணாமத்தைச் சொல்லிவிட்டார் என்கிறார்களே?

பதில்: வாட்ஸ்அப்பில் எனக்கும் வருகிறது. வரிசையைப் பாருங்கள்: பறவை, பாம்பு, அதற்குப் பிறகு கல், பிறகு மனிதர், பேய். பரிணாமம் என்றால் பாம்புக்கு அடுத்துக் கல் எப்படி வரும்? அது ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்த கதை. 1859-ல் டார்வின் எழுதியது இனங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுவதைப் பற்றி.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். பைபிள் சொல்லும் ஆறு நாள் படைப்பைப் பெருவெடிப்போடு எப்படிப் பொருத்துவது?

பதில்: அம்மா, பெருவெடிப்புக்கு வித்திட்டவரே உங்கள் சாமியார்தான்! பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லெமைத்ர். அண்டம் விரிகிறது என்று 1927-ல் எழுதினார். 1931-ல் 'ஆதி அணு' என்றார். 1951-ல் திருத்தந்தை 12-ஆம் பயஸ் இந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சாட்சி போலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கணக்கு மதக் கேள்விகளுக்கு வெளியே நிற்கிறது என்பது அவர் நிலை. அவர் பொருத்தப் பார்க்கவில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம் என்பேன்.

கேள்வி: ஒன்றுமில்லாததிலிருந்து கடவுள் உலகைப் படைத்தார் என்றுதானே சைவமும் சொல்கிறது?

பதில்: இல்லை. இல்லது தோன்றாது. பானைக்குக் குயவன், மண், சக்கரம் போல, உலகுக்கு இறைவன், மாயை என்னும் மூலப்பொருள், அவனுடைய சக்தி. உயிரையும் அவன் படைக்கவில்லை. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, தொடக்கம் இல்லாதவை.

கேள்வி: மனம் என்பது மூளையின் வேலைதான் என்று ஸ்கேனில் காட்டுகிறார்கள். அப்புறம் ஆன்மா எங்கே?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். மனமும் ஆன்மாவும் ஒன்று என்று நினைத்தால்தான் இந்தப் பயம் வரும். சித்தாந்தத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்குமே மாயையிலிருந்து வந்த சடம், தானாக அறியாத பொருள். கண்ணைப் போல, காதைப் போல வெறும் கருவி. உடம்பை 'மாயா இயந்திர தனு' என்றே சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். கோபம் மூளையில் எங்கே கிளம்புகிறது என்று யாராவது காட்டினால் சைவன் பதற வேண்டியதில்லை. அவன் கோடு போட்டது மனத்துக்கும் அதை அறிகிறவனுக்கும் நடுவில்.

அந்த அறிகிறவன் விஷயத்தில் விஞ்ஞானமும் திணறத்தான் செய்கிறது. உணர்வு மூளையில் எப்படி உண்டாகிறது என்பது 25 வருஷத்தில் தெளிவாகிவிடும் என்று மூளை ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக் 1998-ல் பந்தயம் கட்டினார். தெளிவாகாது என்றார் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ். 2023-ல் கோக் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு பெட்டி ஒயின் கொடுத்தார். உடனே மெய்கண்டார் ஜெயித்தார் என்று போஸ்டர் ஒட்டாதீர்கள். கெடு முடிந்தது, அவ்வளவே.

கேள்வி: பித்தப்பை ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள். ஒன்று, இரண்டு எண்ணியதுதான் தெரியும். அப்புறம் நான் இல்லவே இல்லை. ஆன்மாவும் தூங்குமா?

பதில்: கருவி இல்லாமல் உயிர் எதையும் அறியாது என்கிறது சித்தாந்தம். கண் நன்றாக இருந்தாலும் இருட்டில் தெரியாதல்லவா, அப்படி. உயிரின் அறிவை மறைக்கிற ஆணவம் என்னும் அழுக்கே அந்த இருட்டு. உங்கள் அனுபவம் இதோடு ஒத்துத்தான் போகிறது. ஆனால் டாக்டராக இருக்கிற என் பழைய மாணவன் மடக்கினான்: "சார், மயங்கினாலும் ஒத்துப்போகுது, முழிச்சிருந்தாலும் ஒத்துப்போகுது. எது நடந்தா தப்புன்னு ஒத்துக்குவீங்க?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: பிரமனின் ஒரு பகல் 432 கோடி வருஷம், பூமியின் வயது சுமார் 454 கோடி. கிட்டத்தட்ட ஒன்றுதானே? பையன் பரீட்சையில் எழுதலாமா?

பதில்: ஒன்று யுகக் கணக்கு, மற்றது பாறைகளிலும் விண்கற்களிலும் யுரேனியம் ஈயமாகும் வேகத்தை வைத்துப் போட்ட கணக்கு. பரீட்சையில் 454 என்றே எழுதச் சொல்லுங்கள். 432-ஐத் தாத்தா வீட்டில் சொல்லிக்கொடுக்கட்டும்.