வாசகர் கேள்வி – பதில்: கப்பலேறிப் போனவர்கள், கரையேறி வந்தவர்கள்

யூதர்களும் மற்றவர்களும் பிழைப்புக்காகவும் உயிருக்காகவும் நாடு விட்டு நாடு போனதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கமிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குடும்பம் வாட்ஸ்அப்பில் எங்களைத் தேடிப் பிடித்தது. அவர்களுடைய பூட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவராம். பழைய காகிதத்தில் ஊர் ‘கூடியாட்டம்’ என்று இருக்கிறதாம். எங்கள் ஊர்தானா என்று எப்படி உறுதி செய்வது?
– வாசகி, குடியாத்தம்

பெயர் ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடிவிடாதீர்கள். முதலில் அவர்களிடம் பூட்டனாரின் குடியேற்ற எண்ணைக் கேளுங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கியவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. எண் கிடைத்தால் கப்பல் பட்டியலில் அவருடைய வரியைக் கண்டுபிடித்துவிடலாம். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு, மச்சம் எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கும். டர்பன் ஆவணக் காப்பகத்திலும், குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்திலும் அவர்களே நேரில் போய்ப் பார்க்க முடியும்.

அந்த வரியோடு நிறுத்தாமல், முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து எண்களையும் நகல் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே குடும்பத்தையும் ஒரே ஊரையும் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பார்கள். ‘கூடியாட்டம்’ குழப்பினாலும் பக்கத்து வரியில் பேரணாம்பட்டோ பள்ளிகொண்டாவோ தென்பட்டால் பாதி வேலை முடிந்தது.

தேடுகிறவர்கள் அதிகமாகத் தடுமாறுவது ஜில்லா எல்லையில்தான். 1911-க்கு முன் வட ஆற்காட்டின் தலைநகரம் சித்தூர். அந்த வருடம் சித்தூர் தனி ஜில்லாவான பிறகுதான் வேலூர் தலைநகரமானது. ஆகவே பழைய ‘வட ஆற்காடு’ என்பதில் இன்றைய ஆந்திரத்து ஊர்களும் அடங்கும். திருப்பத்தூர், வாணியம்பாடி அப்போது சேலம் ஜில்லாவிலும், திருவண்ணாமலை தென் ஆற்காட்டிலும் இருந்தன. வாணியம்பாடிக்காரரை வட ஆற்காட்டில் தேடினால் கிடைக்கவே மாட்டார்.

அடுத்த சிக்கல் பெயர். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். கவுண்டர் கோவெண்டராகவும், முதலியார் மூட்லியாகவும் ஆனதை டர்பன் பெயர்ப் பலகைகளில் இன்றும் பார்க்கலாம். கடனுக்கும் வீட்டுச் சண்டைக்கும் பயந்து, கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் பெயரையே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு. அதனால் பெயரைவிட தகப்பன் பெயர், தாலுகா, கூட வந்தவர்கள் ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பமானால் உங்கள் வட்டாரத்துப் பழைய சபைகளில் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆற்காடு மிஷன் 1853-லேயே தொடங்கிவிட்டது.

அந்த மனிதர் என்ன பாடுபட்டார் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங்கும் ரேஷனும். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் அங்கேயே தங்கினால் வருடத்துக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டும் என்று 1895-ல் சட்டம் வந்தது. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், அதாவது முதல் வருடக் கணக்கில் ஆறு மாதச் சம்பளம். பிறகு வயது வந்த பிள்ளைகள் தலையிலும் அதே வரி விழுந்தது. 1913-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து, அடிபட்டு, சிறைப்பட்ட பிறகுதான் 1914-ல் அது ஒழிந்தது. நேட்டாலின் சர்க்கரைத் தொழில் நிமிர்ந்தது இவர்கள் முதுகெலும்பில்தான்.

பிஜிக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: சென்னையிலிருந்து அங்கே ஆள் அனுப்பியது 1903 முதல் 1916 வரை. அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆற்காடு முன்வரிசை. அந்தக் குடியேற்றச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். 1911 நியூயார்க் தீ விபத்தில் 146 தையல் தொழிலாளர்கள் இறந்ததாக எழுதியிருந்தீர்கள். அத்தனை பேரும் ஏன் வெளியே வர முடியாமல் போனது?
– வாசகி, பேரணாம்பட்டு

‘ட்ரையாங்கிள்’ என்ற ரவிக்கைக் கம்பெனி பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. மார்ச் 25, சனிக்கிழமை, வேலை முடியும் நேரம். எட்டாவது மாடியில் கட்டிங் மேசைக்கு அடியில் சேர்ந்து கிடந்த வெட்டுத் துணியில் நெருப்புப் பற்றியது. எட்டாவது மாடிக்காரர்கள் பத்தாவது மாடிக்குப் போன் செய்தார்கள். ஒன்பதாவது மாடிக்குத் தகவலே போகவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே இருந்தவர்கள். அங்கே ஒரு படிக்கட்டின் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியைத் திருடிவிடக்கூடாது என்று ஒரே வழியில் விட்டுப் பையைச் சோதிக்கும் வழக்கம். இன்னொரு படிக்கட்டைத் தீ அடைத்தது. வெளிப்புற இரும்பு ஏணி பாரம் தாங்காமல் பெயர்ந்து விழுந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை.

செத்தவர்களில் பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிப் பெண்கள். பலர் இருபது வயதைத் தாண்டாதவர்கள். முதலாளிகள் இருவரும் யூதக் குடியேறிகள்தான். வழக்கில் விடுதலையானார்கள். சொந்தச் சனம் என்பதால் கதவு திறந்திருக்காது என்பதை இதில் கவனியுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பே, 1909-ல், உக்ரைனில் பிறந்த கிளாரா லெம்லிக் என்ற இளம் தையல்காரி கூட்டத்தில் எழுந்து, யூதர்கள் பேசும் இத்திஷ் மொழியில் பேசி, ஆயிரக்கணக்கான பெண்களை வேலைநிறுத்தத்தில் இறக்கியிருந்தார். தீக்குப் பிறகு நியூயார்க் மாநிலம் விசாரணை ஆணையம் அமைத்துத் தொழிற்சாலைச் சட்டங்களைத் திருத்தியது.

உங்கள் ஷிப்டில் நீங்கள் பார்க்க வேண்டியவை: கதவு சாவியில்லாமல் வெளிப்பக்கம் திறக்கிறதா? அதன் முன் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்களா? சொல்யூஷன் (ஒட்டும் பசை) டப்பாக்கள் மூடியிருக்கின்றனவா? ஒட்டும் மேசைக்கு அடியில் கழிவுத் துண்டுகளைத் தினமும் எடுக்கிறார்களா? சொல்யூஷன் ஆவி தரையோடு பரவி தூரத்துப் பொறியிலும் பற்றிக்கொள்ளும். நாலு பேராகச் சேர்ந்து போய்ச் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் எல்லிஸ் தீவில் குடியேறிகளைச் சோதித்த அதிகாரிகள் யூதர்களின் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது உண்மையா?
– ஆசிரியர், காட்பாடி

இல்லை. கப்பல் கம்பெனி புறப்படும் துறைமுகத்திலேயே எழுதிய பட்டியலை வைத்துத்தான் அதிகாரிகள் சரிபார்த்தார்கள். இத்திஷ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். வேலைக்காகவும் பள்ளிக்காகவும் பிற்பாடு தாங்களே பெயரைச் சுருக்கிக்கொண்டவர்கள்தான் அதிகம். பயம் வேறிடத்தில் இருந்தது. படியேறும்போதே டாக்டர்கள் பார்த்து, சந்தேகப்பட்டவர் சட்டையில் சாக்பீஸால் எழுத்துப் போடுவார்கள். பித்தான் மாட்டும் கொக்கியால் இமையைப் புரட்டுவார்கள். கண்ணில் டிரக்கோமா என்ற தொற்றுநோய் இருந்தால் திரும்பும் கப்பல்தான். 1924 குடியேற்றச் சட்டம் கதவை ஏறக்குறைய சாத்தியது. 1939-ல், பெரும்பாலும் யூத அகதிகளான 937 பேரோடு வந்த ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலை கியூபாவும் அமெரிக்காவும் ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் நாஜிகளின் இனப்படுகொலைக் காலத்தில் மாண்டார்கள்.

பிளேக் தடுப்பூசி கண்டுபிடித்த ஹாஃப்கின் யூதரா? அவரை ஏன் வேலையிலிருந்து நீக்கினார்கள்?
– கல்லூரி மாணவர், வாலாஜாபேட்டை

ஒடெசாவில் 1860-ல் பிறந்த யூதர். மதம் மாறினால் ருஷ்யாவில் பதவி என்றார்கள், மறுத்தார். பாரீஸ் பாஸ்டர் நிலையத்தில் நூலகராகச் சேர்ந்து, காலரா தடுப்பூசி தயாரித்துத் தனக்கே போட்டுப் பார்த்தார். பம்பாயில் பிளேக் பரவியபோது அங்கே ஊசி தயாரித்து, 1897 ஜனவரி 10 அன்று மறுபடியும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார்.

1902-ல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரே பாட்டிலிலிருந்து போடப்பட்ட 19 பேர் டெட்டனஸில் இறந்தார்கள். பழி ஹாஃப்கின் மேல் விழுந்தது. உண்மையில் அந்த பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் இடுக்கியைத் தரையில் போட்டுவிட்டு, சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியிருந்தார். திறந்தபோது பாட்டிலில் கெட்ட வாடை இல்லை. பம்பாயிலேயே கெட்டிருந்தால் வாரக்கணக்கில் கிருமி பெருகி நாறியிருக்கும். இந்த எளிய நியாயம் ஏற்கப்பட ஐந்து வருடம் ஆனது. ரொனால்ட் ராஸ் முதலிய விஞ்ஞானிகள் பகிரங்கமாக எழுதிய பிறகு, 1907-ல் பழி நீங்கியது. ஆனால் பம்பாய்ப் பதவி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. பம்பாயில் அவர் நடத்திய ஆய்வகத்துக்கு 1925-ல் அவர் பெயரை வைத்தார்கள்.

போலியோ சொட்டு மருந்துக்கும் நம் வேலூருக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், சத்துவாச்சாரி

மருந்தை உருவாக்கிய ஆல்பர்ட் சேபின், பியாலிஸ்டோக்கிலிருந்து 1921-ல் அமெரிக்கா போன யூதச் சிறுவன். காப்புரிமை வாங்கவில்லை. மூன்று தவணை போட்டும் நம் குழந்தைகள் பலருக்கு எதிர்ப்புச் சக்தி வரவில்லை என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1972-லேயே ஆய்வில் காட்டினார். முகாம் முகாமாகத் திரும்பத் திரும்பச் சொட்டு மருந்து கொடுத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டக் குடும்பம். அக்கா 1986-ல் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள், நான் 1991-ல். இப்போது மேல்மொணவூர் முகாமில் இருக்கிறோம். எங்களுக்குக் குடியுரிமை உண்டா?
– வாசகர், வேலூர்

இருவருக்கும் ஒரே பதில் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. அக்காவுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால் தைரியமாக விண்ணப்பிக்கட்டும். இல்லையென்றால் கோட்டாட்சியர் உத்தரவு பெற்றுத் தாமதப் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டு, முகாம் பதிவு, பள்ளிச் சான்று மூன்றிலும் பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் விஷயத்தில் பிறந்தபோது தாயோ தகப்பனோ இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 1964 அக்டோபர் 30 அன்று இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அம்மாவுக்கு அப்படிக் குடியுரிமை கிடைத்திருக்கலாம். அந்தக் கால இந்தியப் பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, தோட்டத்துக் காகிதம் என எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம். எந்த அலுவலகத்திலும் நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.