வாசகர் கேள்வி – பதில்: கராஜில் தைக்கும் படகு

கேள்வி: வேலை நிமித்தம் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் குடியேறி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டுக்கு அருகிலேயே ஆற்றின் கழிமுகம் இருக்கிறது. என் தாத்தா கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் கட்டுமரத்தில் மீன்பிடித்தவர். வார இறுதிகளில் கராஜில் நானே ஒரு கட்டுமரமோ சிறு மரப்படகோ கட்டி, ஏழு வயது மகளை ஏற்றிச் செல்ல ஆசைப்படுகிறேன். தச்சு வேலையில் பழக்கமில்லை. எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: கட்டுமரம் வேண்டாம், உங்கள் ஆற்றின் குளிரே அதற்குக் காரணம். கரையில் உடையும் அலைகளைத் தாண்டிச் செல்வதற்கென்றே கட்டுமரம் உருவானது. மேலே விழுந்த நீர் மரங்களின் இடுக்கு வழியே வடிந்துவிடுவதால், அதில் நீர் தேங்குவதில்லை. ஆனால் அதில் செல்பவர் கரை திரும்பும் வரை நனைந்தபடியே இருக்க வேண்டும். முட்டத்துக் கடலில் அது ஒரு பொருட்டில்லை. உங்கள் பக்கத்து வடகடலிலோ மார்ச் மாதத்தில் நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கும் கீழேதான் இருக்கும். ஏழு வயதுக் குழந்தையை அந்த நீரில் நனையவிடக் கூடாது.

உங்களுக்கு ஏற்றது, பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, எபாக்சி என்னும் வலிமையான செயற்கைப் பசையால் ஒட்டும் சிறு படகு. இதை அந்நிய வேலையாக நினைக்க வேண்டியதில்லை. கட்டுமரத்துக்கு உகந்த மரம் அரிதாகி விலையும் ஏறிய காலத்தில், 1980களில், தென் கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் இதே முறையில்தான் பிளைவுட் வள்ளங்கள் கட்டப்பட்டன. முட்டத்திலேயே அதற்கொரு பட்டறை இருந்தது. ஊரில் உள்ள மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நினைவு வைத்திருப்பார்கள். பிரிட்டனில் இம்முறையைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது மிரர் என்னும் படகு. டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில், படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டுவேலைகளைத் தாமே செய்துகொள்ளக் கற்றுக்கொடுத்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகளால் புகழ்பெற்ற பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கிய அப்படகு 1963இல் அறிமுகமானது. நீளம் 3.3 மீட்டர், வெற்றுப் படகின் எடை ஏறத்தாழ 45 கிலோ. சிவப்புப் பாய் கட்டிய அப்படகுகள் 70,000 வரை கட்டப்பட்டன; அவற்றில் ஏராளமானவற்றை, அதற்கு முன் படகு வேலையே அறியாதவர்கள் தங்கள் வீடுகளில் கட்டி முடித்தார்கள்.

தைத்த படகு என்றதும் நம்மில் பலருக்கு மசூலாப் படகு நினைவுக்கு வரும். துறைமுகம் அமைவதற்கு முன், சென்னைக் கடலில் தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை அவை. உள்ளே வங்குக்கால் எனப்படும் விலா எலும்பு போன்ற சட்டங்களை வைக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே கட்டியிருந்ததால், அலை தூக்கி மணலில் அறையும்போது அவை உடையாமல் வளைந்துகொடுத்தன. இன்றைய முறையில் தையலுக்கு வேறு வேலை. பசை இறுகும் வரை பலகைகளை அவற்றின் இடத்தில் பிடித்து நிறுத்துவதற்கே கம்பி. பிறகு அதை உருவிவிடலாம். வலிமை முழுவதும் மூட்டில் பூசும் எபாக்சியிலும் அதன்மேல் ஒட்டும் கண்ணாடி இழை நாடாவிலும் இருக்கிறது. ஆகவே தையல் கோணலாக அமைந்தால் கவலைப்படாதீர்கள். மூட்டில் தூசியோ ஈரமோ இருந்தால் மட்டும் வேலையை நிறுத்திவிடுங்கள்.

பலகைக்குச் செலவிடத் தயங்க வேண்டாம். கட்டட வேலைக்கென விற்கும் மலிவான பிளைவுட்டின் உள்ளடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கக்கூடும். நீர் அங்கே புகுந்தால் வெளியே தெரியாமலே மரம் அழுகும். படகுக்கென்றே செய்யப்படும், பிஎஸ் 1088 என்னும் பிரிட்டிஷ் தரமுள்ள மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்குங்கள். மூன்று மீட்டர் படகுக்கு 6 மில்லிமீட்டர் கனம் போதும். ஒரு பலகையின் நீளம் 2.44 மீட்டர்தான் என்பதால், இரண்டை நீளவாக்கில் இணைக்க வேண்டியிருக்கும். கனத்தைப் போல் எட்டு மடங்கு, அதாவது 48 மில்லிமீட்டர், நீளத்துக்கு இரண்டு முனைகளையும் இழைப்புளியால் சரிவாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து ஒட்டினால், இணைப்பு பலகையைப் போலவே வளையும்.

நல்ல வரைபடம் ஒன்றை விலைகொடுத்து வாங்குங்கள். முதல் படகைச் சொந்தமாக வரைய முற்படாதீர்கள். வரைபடத்தின் அளவுகளைப் பலகையில் குறித்து, இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்குமான பலகைகளைச் சேர்த்துவைத்து ஒன்றாகவே இழையுங்கள். அப்போதுதான் இரண்டும் ஒரே வடிவமாக அமையும். ஓரத்தில் 15 சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிறு துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைக்கத் தொடங்கினால், காலையில் தரையில் தட்டையாகக் கிடந்த பலகைகள் அன்று மாலைக்குள் படகின் உருவத்தை அடைந்துவிடும். இந்த வேலையில் அந்த மாலைப்பொழுதுக்கு ஈடான மகிழ்ச்சி வேறில்லை. மகளையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மகிழ்ச்சியில் உடனே பசை பூசிவிடக் கூடாது. தைத்த படகு துணியைப் போல் எளிதில் முறுக்கிக்கொள்ளும். படகின் குறுக்கே அணியத்தின் (முன்முனை) பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக நேரான இரு சட்டங்களை வைத்துவிட்டு, பின்னால் குனிந்து நின்று பார்த்தால், இரண்டும் இணையாகத் தெரிய வேண்டும். மூலைவிட்ட அளவுகளையும் ஒப்பிடுங்கள். நான் முதல் படகில் இதைச் செய்யாமல் விட்டேன். பசை இறுகிய பின் முறுக்கை எடுக்க வழியில்லை. துடுப்பை எவ்வளவு வலித்தாலும் ஒரு பக்கமே திரும்பிய அந்தப் படகை இரண்டு ஆண்டுகளில் பிரித்துப்போட நேர்ந்ததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

இருக்கைகளுக்கு அடியில் காற்றுப்புகாத அறைகளைக் கட்டாயம் அமையுங்கள். ஒரு லிட்டர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையைத் தாங்கும் என்ற கணக்கில், படகு நீர் நிறைந்தாலும் உங்களையும் மகளையும் தாங்குமாறு அவற்றின் கொள்ளளவு இருக்க வேண்டும். வார இறுதிகளில் மட்டும் உழைத்தால் ஒரு குளிர்காலமும் வசந்தமும் செல்லும்.

கேள்வி: டொரன்டோவில் எங்கள் வீட்டு நிலவறையில் இதே போன்ற படகைக் கட்ட நினைக்கிறேன். எபாக்சியால் உடல்நலத்துக்குத் தீங்கு உண்டா என்று என் மனைவி கேட்கிறார்.

பதில்: அவர் கேட்பது நியாயமான கேள்வி. எபாக்சியின் வாடை குறைவு என்பதால் பலர் அதைத் தீங்கற்றதாகக் கருதிவிடுகிறார்கள். அது தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் நீங்குவதில்லை. எனவே நைட்ரைல் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். தோலில் பட்டதைக் கரைப்பான் கொண்டு துடைக்காமல் சோப்பும் நீரும் கொண்டு கழுவுங்கள். முழுதாக இறுகாத எபாக்சியை உப்புத்தாளால் தேய்க்கும்போது எழும் தூசி இன்னும் கெடுதலானது. தரமான முகக்கவசம் வேண்டும். வீட்டைச் சூடாக்கும் உலையும் நிலவறையிலேயே இருந்தால், தேய்க்கும் வேலையைக் கோடைக்கு ஒத்திவைத்து வெளியில் செய்வதே முறை.

எபாக்சியின் இரு பாகங்களான ரெசினையும் (பிசின்) அதை இறுகச் செய்யும் ஹார்டனரையும் தயாரிப்பாளர் சொன்ன விகிதத்தில், சிறிது சிறிதாகக் கலக்குங்கள். விரைவில் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் அது சரியாக இறுகாது. பெரிய கிண்ணத்தில் மொத்தமாகக் கலந்துவைத்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகையத் தொடங்கும். கலந்த உடனே அகலமான தட்டில் பரப்பிக்கொள்ளுங்கள். இறுகிய பரப்பில் மெழுகு போன்ற படலம் தோன்றினால், அடுத்த பூச்சுக்கு முன் நீரால் கழுவித் துடைக்க வேண்டும். வெயில் எபாக்சியைக் கெடுக்கும் என்பதால், கடைசியில் பெயின்ட் பூச்சு கட்டாயம்.

பலகை வாங்குவதற்கு முன் நிலவறையின் படிக்கட்டையும் கதவையும் அளந்துகொள்ளுங்கள். திரும்பும் இடத்தில் படகு மாட்டிக்கொள்ளுமா என்பதை அட்டையில் மாதிரி வெட்டிப் பார்ப்பது நல்லது. வழி போதாதென்றால், இரண்டு துண்டுகளாகக் கட்டி வெளியே போல்ட்டால் இணைக்கும் வடிவங்கள் உண்டு.

கேள்வி: பிரிட்டனில் வீட்டில் கட்டிய படகுக்குச் சட்ட அனுமதி தேவையா? பிறகு விற்கலாமா?

பதில்: 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள பொழுதுபோக்குப் படகுகள் அங்கே பாதுகாப்புத் தர விதிகளுக்கு உட்பட்டவை. சொந்தப் பயன்பாட்டுக்காக ஒருவர் தாமே கட்டிய படகுக்கு அவ்விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் முதன்முதலில் நீரில் இறக்கிப் பயன்படுத்தியதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு அதை விற்பனைக்குக் கொண்டுவரக் கூடாது. இறக்கிய நாளைக் காட்டும் படங்களையும், பலகை, எபாக்சி ஆகியவற்றுக்கான ரசீதுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கால்வாய்களிலும் உள்நாட்டு ஆறுகள் பலவற்றிலும் துடுப்புப் படகுக்கும் உரிமக் கட்டணம் உண்டு என்பதால், அந்த நீர்நிலையை நிர்வகிக்கும் அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.