பழைய காரோடு, அதை விற்ற நிறுவனத்தின் சாமான்களையும் சிலர் சேர்ப்பது ஏன்?

மட்டக்களப்பில் அப்பப்பா காலத்து மொரிஸ் மைனரை வைத்திருக்கும் ஒருவர், அதை விற்ற முகவர் நிறுவனத்தின் நினைவுப்பொருட்களையும் தேடலாம்: நிறுவனப் பெயர் பொறித்த சாவிக்கொத்து, விற்பனைச் சிட்டை, சர்வீஸ் புத்தகம், காரில் பதித்த சின்னத் தகடு.

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. பத்து இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவற்றில் இந்த ஒன்று உங்கள் குடும்பத்துடையது என்று சொல்வது அந்தச் சிட்டைதான். காணியும் உறுதியும் போல: காணி கண்ணுக்குத் தெரியும், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை உறுதிதான் சொல்லும். அப்பப்பாவே அந்த நிறுவனத்தில் வேலை செய்தவர் என்றால், அவர் கையெழுத்துள்ள சிட்டை என் பார்வையில் காரைவிடப் பெரிய சொத்து.

எங்கள் பக்கத்தில் இது இன்னும் முக்கியம். 1978 சூறாவளி, போர், 2004 சுனாமி என்று எத்தனை வீடுகளின் அலுமாரிகள் காகிதங்களோடு போய்விட்டன! மிஞ்சிய துண்டைக்கூடப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் லாமினேட் செய்ய வேண்டாம். பசை ஒட்டிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. அப்புறம், உப்புக்காற்று தகட்டை அரிக்கும், உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள்.

இதற்கு ஓடுகிற கார் இருந்தே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கார் எப்போதோ விற்றுப்போயிருந்தாலும் ஒரு சாவிக்கொத்தையும் பழைய படத்தையும் வைத்தே தொடங்கலாம்.