ஒரு குழாய் போனால் பாதி மாதங்கள் வீணா?

மகளிர் மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் வயது 31. எட்டு மாதங்களுக்கு முன்பு, கரு கருப்பைக்கு வந்து சேராமல் வலது கருக்குழாயிலேயே தங்கிவிட்டது. அறுவை சிகிச்சையில் அந்தக் குழாயை எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றனவாம். ஒரு மாதம் இடப்பக்கம், மறுமாதம் வலப்பக்கம் என்று முட்டை வருமாமே? அப்படியானால் எனக்கு வருடத்தில் ஆறு மாதங்கள் வீண்தானா டாக்டர்?

பதில்: வீண் இல்லை. குழாயோடு ஒரு கருவையும் இழந்திருக்கிறீர்கள். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தத் துக்கம் இன்னும் இருந்தால், யாரிடமாவது மனம்விட்டுப் பேசுங்கள்.

பாடப்புத்தகப் படத்தில் கருக்குழாய்கள் இரு கைகளை விரித்தாற்போல நீண்டு, நுனியில் ஆளுக்கொரு சினைப்பையைப் பிடித்திருக்கும். நானும் அதைப் பார்த்துத்தான் படித்தேன். பயிற்சிக் காலத்தில் லேப்ராஸ்கோப்பித் திரையில் முதன்முதலாக உள்ளே பார்த்தபோது, மனப்பாடம் செய்திருந்த அந்தப் படத்தை எங்குமே காணவில்லை. சுமார் 10 செ.மீ. நீளமுள்ள குழாய்கள் வளைந்து, கருப்பைக்குப் பின்புறமாகச் சரிந்து கிடந்தன. நுனியில் இளஞ்சிவப்புக் குஞ்சம். அதன் ஓர் இழைதான் சினைப்பையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றவை கட்டற்று மிதந்தன.

முட்டை குழாய்க்குள் நேராக விழுவதில்லை. சினைப்பையின் மேற்பரப்பைத் திறந்துகொண்டு வயிற்றறைக்குள் வெளிப்படுகிறது. அதன் குறுக்களவு சுமார் 0.1 மி.மீ. அவ்வளவு சிறியதைக் குஞ்சம் துழாவி எடுக்கிறது. குஞ்சத்தின் மேலுள்ள நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் உள்நோக்கி அசைந்து அதைக் குழாய்க்குள் சேர்க்கின்றன. எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு இது வியப்புதான். கருப்பைக்குப் பின்னுள்ள இடம் இரு பக்கத்துக்கும் பொது என்பதால், வலது சினைப்பை விடும் முட்டையை இடது குழாய் எடுத்துக்கொள்ள முடியும். வலது குழாயில் தங்கிய கருவுக்கு அறுவை சிகிச்சை செய்தபோது, அந்த மாத முட்டை வெளியான மஞ்சள் தடம் இடது சினைப்பையில் இருந்ததை நானே கண்டிருக்கிறேன். இடது சினைப்பையும் வலது குழாயும் மட்டுமே உள்ள பெண்கள் இயல்பாகக் கருவுற்றதும் உண்டு.

முட்டை மாறி மாறித்தான் வரும் என்பதும் சரியல்ல. எந்தப் பக்கம் வரும் என்பதற்கு நிலையான வரிசை கிடையாது.

மீதமுள்ள குழாய் திறந்திருக்கிறதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரேயில் அது தெரியும். இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: ஒருமுறை குழாயில் கரு தங்கியவர்களில் சுமார் 10 சதவீதத்தினருக்கு மீண்டும் அப்படி நேரலாம். எனவே கர்ப்பம் உறுதியானதும் மருத்துவரிடம் பழைய சிகிச்சையைச் சொல்லி, ஆறாவது வாரத்தை ஒட்டி ஸ்கேன் எடுத்துவிடுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஸ்கேன் அறிக்கையில் என் கருப்பை பின்புறம் சாய்ந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இது குறைபாடா?

பதில்: இல்லை. ஐந்து பெண்களில் ஒருவருக்குக் கருப்பை இப்படித்தான் இருக்கும். சிலர் இடக்கையால் எழுதுவதில்லையா, அதுபோல. இது மட்டுமே கருத்தரிப்பைத் தடுக்காது. மாதவிடாயின்போதோ உறவின்போதோ கடும் வலி இருந்தால் மட்டும் அந்த வலிக்கான காரணத்தைத் தேட வேண்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 35 நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வருகிறது. பதினான்காம் நாளை ஒட்டித்தான் முயற்சி செய்கிறோம். ஓராண்டாகியும் பயனில்லை. எங்கே தவறு?

பதில்: எண்ணும் திசையில். பதினான்காம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து முட்டை வெளியாகும் வரையிலான காலம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும். முட்டை வெளியான பின் அடுத்த மாதவிடாய் வரையிலான காலம் அந்த அளவுக்கு மாறாது. பெரும்பாலும் 12 முதல் 14 நாட்கள். ஆகவே அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் மனைவிக்கு ஏறக்குறைய 21 முதல் 23ஆம் நாளுக்குள் முட்டை வெளியாகும். அது உயிரோடிருப்பது 12 முதல் 24 மணி நேரம்தான். விந்தணுவோ பெண்ணுடலில் ஐந்து நாட்கள் வரை உயிரோடிருக்கும். அதனால் பதினாறாம் நாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் சேர்ந்திருங்கள். கசிவு தெளிவாக, வழுவழுப்பாக, இழுத்தால் நூலாக நீளும் நாட்கள் அவர் உடலே தரும் அறிகுறி.

ஓராண்டு முடிந்துவிட்டதால், இந்தக் கணக்கை மட்டும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குச் செல்லுங்கள். விந்தணுப் பரிசோதனை எளியது. முதலில் அதை நீங்கள் செய்துகொள்ளுங்கள்.