பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவர்

அன்புள்ள ஐயா,

பிரியான் என்ற, நோய் தரும் புரதத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நல்ல புரதத்துக்கும் நோய் தரும் புரதத்துக்கும் அமினோ அமில வரிசை ஒன்றே, மடிப்புதான் வேறு என்கிறீர்கள். நோய்ப் புரதம் கரையாது, படிகமாகவும் ஆகாது, அதனால் வழக்கமான முறைகளில் அதன் வடிவத்தைப் பார்க்க முடியாது என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். அப்புறம் மடிப்பு வேறு என்பது எப்படித் தெரிந்தது? ஊகம்தானே?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

கொஞ்சம் ஊகம்தான், ஒப்புக்கொள்கிறேன். மிச்சமெல்லாம் பெயின்ட் வேலை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவை நகர்த்தச் சோம்பல்பட்டுச் சுற்றி மட்டும் அடித்துவிட்டுப் போவோம். (எங்கள் வீட்டில் வருடா வருடம் இதே கதை.) பிறகொரு நாள் பீரோவை நகர்த்தினால் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலங்களில் ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டிவிடும் சிறிய வினைப்பொருள்கள் உண்டு. அதுதான் பெயின்ட். 3எஃப்4 என்ற எதிர்ப்பொருள், ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற விலங்கின் பிரியான் புரதத்தில் 109 முதல் 112 வரையுள்ள நான்கு அமினோ அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும். அந்த நான்கில் ஒன்று லைசின். அதில் பெயின்ட் பட்டால் எதிர்ப்பொருளுக்கு இடம் பிடிபடாது. நல்ல புரதத்தில் அந்த இடம் வெளியே இருப்பதால் பெயின்ட் பட்டுவிடுகிறது. பிரியானில் அது உள்ளே புதைந்திருக்கிறது. மீந்த வினைப்பொருளை முடக்கிவிட்டுப் பிரியானின் மடிப்பைக் குலைத்தால், எதிர்ப்பொருள் வந்து ஒட்டுகிறது. பீரோவை நகர்த்தியாயிற்று.

பிரியான்களுக்குள்ளேயே வேறுபாடு இருப்பதும் வேதியியலில்தான் பிடிபட்டது. மிங்க் என்ற விலங்கின் நோயை ஹாம்ஸ்டருக்கு ஏற்றியபோது இரண்டு ரகங்கள் கிடைத்தன. ஒன்று ஹாம்ஸ்டரைத் துள்ள வைக்கும், மற்றது தூங்கி வழிய வைக்கும். பெயர்களே ஹைப்பர், ட்ரௌசி. இரண்டிலும் இருப்பது அதே ஹாம்ஸ்டர் புரதம். ஆனால் புரோட்டினேஸ் கே என்ற நொதி இரண்டையும் வெவ்வேறு இடத்தில் வெட்டுகிறது என்று 1992இல் பெஸ்ஸன், மார்ஷ் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். மடிப்பு வேறானால் நொதிக்கு எட்டும் இடமும் வேறாகும்.

உங்கள் சந்தேகம் செல்லுபடியாகும் இடம் ஒன்று உண்டு. எது வெளியே, எது உள்ளே என்பதைத்தான் பெயின்ட் சொல்லும். உள்ளே எப்படிச் சுருண்டிருக்கிறது என்று சொல்லாது. ஒரே மூலக்கூறு நான்கு தட்டுகளாகச் சுருண்டிருக்கிறதா, மூலக்கூறுக்கு ஒரு தட்டாக அடுக்கியிருக்கிறதா என்று பல ஆண்டுகள் சண்டை நடந்தது. 2021இல் 263கே என்ற ஹாம்ஸ்டர் ரகத்தின் இழையை, உறையவைத்துப் பார்க்கும் க்ரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டாவது கட்சி ஜெயித்தது, அந்த ரகத்தைப் பொறுத்தவரையாவது.