அவசரத் தொடர்புக்கு யார் எண்?

கேள்வி: எனக்கு 38 வயது. ஸ்கூபா பயிற்சி முடித்துப் பகலில் சில முறை கடலில் இறங்கியிருக்கிறேன். அடுத்த மாதம் அந்தமான் ஹேவ்லாக்கில் முதல் நைட் டைவ். மனைவி பயப்படுவாள் என்பதால் இரண்டு நாள் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறேன், டைவ் சென்டர் ஃபாரத்தில் அவசரத் தொடர்புக்கும் நண்பன் எண்ணைத்தான் கொடுத்தேன். இருட்டை நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது. எப்படித் தயாராவது?

பதில்: முதலில் இருட்டு. அதே இடத்தில் பகலில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு டார்ச், இரண்டிலும் முழு சார்ஜ். ஒன்று அணைந்தால் மற்றதைப் போட்டுக்கொண்டு டைவை முடித்துவிட வேண்டும். டார்ச்சை மெதுவாக வட்டமடித்தால் ஓகே, வேகமாக ஆட்டினால் ஆபத்து, கூட வருபவர் கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள். அவரைக் காணோம் என்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு நிதானமாக மேலே வாருங்கள்.

இதெல்லாம் உங்கள் பயிற்றுநரே சொல்லிவிடுவார். போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நண்பன் எண் என்று, எனக்கு அதுதான் உறுத்துகிறது. உங்கள் இன்ஷூரன்ஸில் நாமினி யார் தம்பி, மனைவிதானே? செத்தால் பணம் வாங்க அவர், அடிபட்டால் தகவல் சொல்ல நண்பனா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எதற்கு அலர்ஜி என்று டாக்டர் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

அப்புறம், இந்தப் பொய் கரையோடு நிற்காது. ராத்திரி 8 மணிக்குக் கரையேறினால் மறுநாள் மதியம் 2 மணி வரை விமானம் ஏறக் கூடாது, கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் இருக்கட்டும் என்பதுதான் பொதுவான அறிவுரை, ஆனால் இரண்டு நாளில் திரும்பியாக வேண்டிய நீங்கள் காலை விமானத்துக்குத்தான் டிக்கெட் பார்ப்பீர்கள். வீடு வந்தபின் மூட்டு வலித்தால், கை மரத்துப்போனால், அதையும் மறைப்பீர்கள். ஆழத்தில் உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக மாறுவதால் வரும் நோய் இது, சீக்கிரம் விமானம் ஏறினால் ஆபத்து கூடும், சில மணி நேரம் கழித்துக்கூடத் தலைகாட்டும், பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓட முடியும்.

கல்யாணம் ஆனவர் உயிர் அவருக்கு மட்டும் சொந்தமில்லை என்று நம்புகிறவள் நான். மனைவி பயப்படுவார் என்பது மறைப்பதற்குக் காரணமே இல்லை, உட்கார வைத்துச் சொல்வதற்குத்தான் காரணம். இன்றைக்கே சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம், கூட யார், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள் என்று கேட்பார், ஒன்றுவிடாமல் பதில் சொல்லுங்கள். அப்புறம் டைவ் சென்டருக்குப் போன் போட்டு அந்த எண்ணை மாற்றுங்கள். அதை மாற்றாமல் இறங்குவதாக இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள்.